குளிரைத் தேடி மலையேறும் நகரம்

ஒரு காலத்தில் குளிருக்காகவே பெங்களூருக்கு வந்தார்கள். இப்போது டிசம்பர் பிறந்தால் பெங்களூர்க் குடும்பங்கள் குளிரைத் தேடி மலைக்குப் போகின்றன. மலைகள் எத்தனை பேரைத் தாங்கும்?

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நந்தி மலை அடிவாரத்தில் கார்களின் சிவப்பு விளக்குகள் நீண்ட வரிசையாக நிற்கின்றன. முன் சீட்டில் தூக்கம் கலையாத அப்பா. பின் சீட்டில் மஃப்ளரால் காதை மூடிய பாட்டி. பாட்டியின் மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக, ஒரே போர்வைக்குள் இரண்டு குழந்தைகள். காலடியில் பிளாஸ்க் நிறைய காபி, எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை. கேட் இன்னும் திறக்கவில்லை. காரிலிருந்து இறங்கியவுடன் எல்லோரும் செய்யும் முதல் காரியம் வாயைத் திறந்து ஊதிப் பார்ப்பது. மூச்சு வெண்புகையாக வருகிறது. "பாட்டி, நீயும் ஊது!" என்று நச்சரிக்கிறது ஒரு குழந்தை. பாட்டியும் ஊதுகிறாள்.

அந்த ஒரு வாய்ப் புகைக்காகத்தான் அலாரம் வைத்து எழுந்து 60 கிலோமீட்டர் வந்திருக்கிறார்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே காட்சிதான்.

வேடிக்கை என்னவென்றால், இவர்கள் புறப்பட்டு வந்த ஊரே ஒரு மலை ஊர்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், பீடபூமியின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது பெங்களூர். 1809ல் பிரிட்டிஷ் ராணுவம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு இங்கே முகாமை மாற்றியதற்கு, அங்கிருந்த கொசுவும் காய்ச்சலும் ஒரு காரணம். இங்கிருந்த மேட்டு நிலமும் இதமான காற்றும் இன்னொரு காரணம். அந்தக் கன்டோன்மென்ட்டோடு வந்தவர்கள்தான் பெங்களூர்த் தமிழர்களில் பலரின் முன்னோர்கள். சிப்பாய்களாக, கொத்தனார்களாக, சமையல்காரர்களாக, வியாபாரிகளாக வந்து அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தங்கிவிட்டார்கள்.

அவர்கள் பார்த்த குளிர் வேறு. 1884 ஜனவரி 13ம் தேதி பெங்களூரில் பதிவான வெப்பநிலை 7.8 டிகிரி. அந்த ரெக்கார்டு இன்னும் முறியவில்லை. இந்தப் பக்கம் முறிந்தது வேறொரு ரெக்கார்டு. 2016 ஏப்ரல் 24ம் தேதி இதே ஊரில் 39.2 டிகிரி வெயில் கொளுத்தியது. மின்விசிறி இல்லாத வீடுகளை நினைவில் வைத்திருக்கும் பழைய பெங்களூர்வாசிகள் ஏ.சி. வாங்க ஆரம்பித்தது இந்த ஆண்டுகளில்தான்.

காரணம் பெரிய ரகசியமல்ல. 1991ல் சுமார் 41 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2011ல் சுமார் 85 லட்சமாகிவிட்டது. ஏரிகள் பஸ் நிலையமாகவும் மைதானமாகவும் லே-அவுட்டாகவும் மாறின. மரம் நிழல் விரித்த சாலைகள் அகலமாயின. பகலில் சூட்டைக் குடிக்கும் கான்கிரீட்டும் தாரும் இரவில்தான் அதைக் கக்குகின்றன. அதனால் நகரம் முதலில் இழப்பது பகல் குளுமையை அல்ல, பின்னிரவுக் குளிரை. ஸ்வெட்டர் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அதை இறக்க ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. நந்தி மலை அந்தச் சாக்கு.

மேகத்துக்கு மேலே ஒரு காலை

நந்தி மலையின் உயரம் 1,478 மீட்டர். பெங்களூரை விட ஏறக்குறைய 560 மீட்டர் அதிகம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் நந்தியில் குறைவது மூன்று, நான்கு டிகிரிதான். மீதியைக் காற்று பார்த்துக்கொள்கிறது. மொட்டைப் பாறை மேல் தடையில்லாமல் வீசும் காற்று, உடம்புச் சூட்டை உருவிக்கொண்டு போய்விடுகிறது.

மக்கள் கூட்டம் கூட்டமாக வருவது மேகக் கடலைப் பார்க்க. தெளிந்த இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகிறது. தரையை ஒட்டிய ஈரக் காற்று பனி மூட்டமாகிச் சமவெளியில் தேங்குகிறது. மலை மட்டும் அதற்கு மேலே தலை நீட்டி நிற்கிறது. கீழே வெள்ளைக் கம்பளம், கிழக்கே சிவப்புக் கோடு. சூரியன் ஏறி நிலம் சூடானவுடன் கம்பளம் கலைந்துவிடும். மழைக்குப் பிந்தைய, காற்றடங்கிய விடியல்களில் காட்சி கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைக்காத நாட்களில் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

குளிர் தேடி இந்த மலைக்கு வந்தவர்களின் பட்டியல் நீளமானது. ஹைதரும் திப்புவும் பலப்படுத்திய கோட்டை இது. திப்புவின் கோடைக்கால மாளிகை இன்றும் நிற்கிறது. 1791 அக்டோபரில் கார்ன்வாலிஸின் படை கோட்டையைப் பிடித்த பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள் இதை ஓய்வுத் தலமாக்கிக்கொண்டார்கள். மைசூர் கமிஷனராக இருந்த மார்க் கப்பனின் பெயரில் ஒரு பங்களா மேலே இருக்கிறது. உடல்நலம் குன்றியிருந்த காந்தி 1927லும் 1936லும் இங்கே தங்கித் தேறினார். 1986 நவம்பரில் பெங்களூரில் சார்க் மாநாடு நடந்தபோது, ஏழு நாட்டுத் தலைவர்களையும் மனம் விட்டுப் பேச அழைத்துவந்தது இந்த மலைக்குத்தான்.

தமிழர்களுக்கு நந்தியோடு இன்னும் நெருக்கமான உறவு ஒன்று உண்டு. பாலாறு பிறப்பது இந்த மலைத்தொகுதியில். தென்பெண்ணையும் இந்த வட்டாரத்தில்தான் புறப்படுகிறது. அடிவாரத்தில் இருக்கும் போக நந்தீஸ்வரர் கோயில் ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி, சோழர், ஹொய்சளர், விஜயநகர காலங்களில் வளர்ந்தது. சூரியோதயம் பார்க்க வருபவர்களில் பலர் இந்தக் கோயிலை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கார் வந்த வேகத்திலேயே திரும்பிவிடுகிறது.

கோடைக்கு இருந்தது, குளிருக்கு வந்தது

மலைக்குப் போவது என்றாலே ஒரு காலத்தில் ஏப்ரல், மே மாதம்தான். வெள்ளைக்காரர்கள் மலை ஊர்களை உண்டாக்கியதே வெயிலுக்குப் பயந்து. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல் நீலகிரி ஏறினார். சில ஆண்டுகளில் ஊட்டியில் கல் பங்களா எழும்பியது. பின்னர் சென்னை மாகாண அரசே கோடையில் அங்கே குடிபெயர்ந்தது. 1899ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வந்த மலை ரயில் 1908ல் ஊட்டியைத் தொட்டது. 2005ல் அதற்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அந்தஸ்தும் கிடைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் பழக்கம் மாறவில்லை. பள்ளி பரீட்சை முடிந்ததும் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு. குளிர்காலத்தில் மலைக்குப் போவதா என்று கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது.

ஆனால் தமிழ் மரபு மலையையும் குளிரையும் எப்போதோ சேர்த்துவைத்துவிட்டது. குறிஞ்சி நிலத்துக்கு உரிய பெரும்பொழுதாகத் தொல்காப்பியம் சொல்வது கூதிரையும் முன்பனியையும். அதாவது ஐப்பசி முதல் தை வரை. கிறிஸ்துமஸ் லீவில் காரை எடுக்கும் சாஃப்ட்வேர் குடும்பங்கள், தெரியாமலே பழைய இலக்கணத்துக்குத் திரும்பியிருக்கின்றன.

பெங்களூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத் திசைக்கு ஒரு மலை இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகப் போனால் ஏலகிரி. அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். பாரியும் கம்பரும் யார் என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். சேலம் பக்கம் 1,515 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. மேற்கே குடகு. வடமேற்கே சிக்கமகளூர், அங்கே 1,930 மீட்டர் உயரத்தில் கர்நாடகத்தின் மிக உயர்ந்த சிகரமான முள்ளய்யனகிரி. பக்கத்திலேயே பாபா புடன் மலை. ஏமனிலிருந்து ஏழு காபி விதைகளை மறைத்து எடுத்து வந்து பாபா புடன் இங்கே ஊன்றினார் என்று சொல்லப்படும் கதை, காபி குடிக்கும் எல்லோருக்கும் தெரியும்.

குளிர்காலத்தில் காபி நாட்டுக்குப் போவதில் ஒரு லாபம் உண்டு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலம். செடியில் சிவப்புப் பழம், களத்தில் காயும் கொட்டை, காற்றில் புளித்த பழ வாசனை. காபி பாக்கெட்டில் பிறப்பதில்லை என்று நகரத்துக் குழந்தை தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. கூடவே தெரிந்துகொள்ள வேண்டியது: விருந்தினருக்கு விடுமுறையாக இருக்கும் அந்த மாதங்கள்தான் தோட்டத் தொழிலாளிக்கு முதுகொடியும் மாதங்கள்.

2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் இது இன்னும் வெளிப்படை. டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் தலைக்குந்தா போன்ற பள்ளப் பகுதிகளின் புல்வெளி வெள்ளை வெளேரென்று இருக்கும். கனமான குளிர்காற்று இரவில் சரிவு வழியாக வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், உறைபனி சிகரத்தை விட்டுவிட்டுத் தாழ்வில் படிகிறது. சுற்றுலாப் பயணிகள் அதை விரலால் தொட்டுப் பார்த்து செல்ஃபி எடுக்கிறார்கள். தேயிலை விவசாயிக்கோ அதே பனி வயிற்றில் நெருப்பு. பனி விழுந்து வெயில் ஏறிய பின் கொழுந்துகள் கருகிவிடும்.

வீட்டுக்குள்ளேயே ஒரு மலை

பெங்களூரின் பழைய குளிர்காலம் முழுவதும் செத்துவிடவில்லை. அது தெர்மாமீட்டரை விட்டு அடுக்களைக்கு இடம் மாறியிருக்கிறது.

கார்த்திகை மாதத்துக் கடைசி திங்கட்கிழமை பசவனகுடி நந்தி கோயில் பக்கம் போனால் தெரு முழுக்க வேர்க்கடலை மலை மலையாகக் குவிந்திருக்கும். கடலெக்காய் பரிஷே என்று பெயர். புதுக் கடலையை முதலில் பசவனுக்குப் படைத்துவிட்டு விற்கும் வழக்கம் இது. காகிதப் பொட்டலத்தில் சூடான கடலையோடு நடக்கும் அந்தச் சாயங்காலம்தான் ஊரின் குளிர்காலத்துக்குத் திறப்பு விழா.

அடுத்து அவரெக்காய். நம் ஊர் மொச்சை. பனி விழுந்த மொச்சைக்குத்தான் மணம். அந்த மணத்துக்கென்றே கன்னடத்தில் 'சொகடு' என்று தனிச் சொல் உண்டு. ஜனவரியில் அவரெக்காய் மேளா நடத்தி தோசை முதல் ஜிலேபி வரை அதில் செய்து காட்டுகிறார்கள். ஆனால் உண்மையான மேளா வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. உரித்த மொச்சையை இரவெல்லாம் ஊறவைத்து, இரு விரலால் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். கிலோ கணக்கில் பிதுக்க ஒரு ஆளால் முடியாது. ஆகவே பாட்டி, மருமகள், பேரன், பேத்தி எல்லோரும் தட்டைச் சுற்றி உட்கார வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்க்காரர்களுக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு என்றால் விளக்கம் தேவையில்லை.

டிசம்பர் கடைசியில் கேக் கண்காட்சி. 1970களில் தொடங்கியது, இன்றும் சர்க்கரையில் கோட்டை கட்டிக் காட்டுகிறார்கள். அதற்கும் மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரிகேட் ரோட்டில் 1936ல் வந்த நீலகிரிஸ் கடை, பெயருக்கேற்ப நீலகிரி மலையில் 1905ல் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய குடும்பத்துடையது. சங்கராந்திக்கு எள்ளு-பெல்லம். எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். தோல் வறண்டு உதடு வெடிக்கும் மாதத்தில் எண்ணெய்ச் சத்துள்ள பண்டத்தை ஊரே பகிர்ந்து தின்பதில் இருக்கும் புத்திசாலித்தனத்தைப் பாட்டிகள் விளக்கிச் சொன்னதில்லை. டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நவம்பரில் தென்னிந்திய நகரங்களின் நடைபாதைகளில் திபெத்தியர்களின் ஸ்வெட்டர் கடைகள் முளைப்பதும் இந்தப் பருவத்தின் அடையாளம்தான். லூதியானாவில் பின்னிய கம்பளி, திபெத்தியர் கை வழியாகத் தமிழ்க் குழந்தையின் தோளுக்கு வருகிறது. பனி மலையை விட்டு வந்தவர்கள், பனியே விழாத ஊர்களில் குளிருக்கு உடை விற்றுப் பிழைக்கிறார்கள்.

மூச்சு முட்டும் மலைகள்

இத்தனை சந்தோஷத்துக்கும் ஒரு பில் இருக்கிறது. அதை மலைகள் கட்டிக்கொண்டிருக்கின்றன.

2021 ஆகஸ்டில் பெய்த பலத்த மழையில் நந்தி மலைப் பாதையில் மண் சரிந்து சாலை துண்டானது. மாதக்கணக்கில் மலை மூடிக் கிடந்தது. அந்த டிசம்பரில் திறந்தபோதும் வார நாட்களில் மட்டும்தான் அனுமதி. சனி, ஞாயிறு கூட்டத்தை நினைத்து நிர்வாகம் தயங்கியது. புத்தாண்டு இரவில் மலைக்குத் தடை போடுவதும் வாடிக்கையாகிவிட்டது. கூட்டத்தைச் சமாளிக்கச் சொல்லப்படும் வழி ரோப்வே. 2023ல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். கார் குறையலாம், மேலே நிற்கும் தலைகள் குறையுமா என்பது வேறு கேள்வி.

தமிழ்நாட்டில் நீதிமன்றமே தலையிட வேண்டிவந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7ம் தேதி முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டு எண்ணிக்கையே வரையறுக்கப்பட்டது: 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000 சுற்றுலா வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. முள்ளய்யனகிரிக்கும் 2025ல் முன்பதிவு முறை வந்துவிட்டது.

காட்டு வழிக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. பெங்களூரிலிருந்து மைசூர், குண்டலுப்பேட்டை வழியாக ஊட்டி போகிறவர்கள் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தைக் கடக்க வேண்டும். அங்கே 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை. வண்டிச் சக்கரத்தில் மானும் சிறுத்தையும் அடிபட்டுச் செத்ததால் வந்த தடை இது. ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பும் குடும்பங்கள் செக்போஸ்டில் காருக்குள் தூங்குகின்றன.

2018 ஆகஸ்டில் குடகிலும், 2024 ஜூலை 30ம் தேதி வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையிலும் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் அளவில்லாமல் கொட்டிய மழைதான் முதல் காரணம். ஆனால் சரிவை வெட்டிப் பாதை போடும்போதும், ஓடையை மறித்து விடுதி எழுப்பும்போதும், மரத்தை எடுக்கும்போதும் மண்ணின் பிடி தளர்கிறது. 'வியூ' வேண்டும் என்பதற்காகச் சரிவின் விளிம்பில் கட்டப்படும் அறைக்கு முன்பதிவு செய்கிறவரும் அந்தக் கட்டடத்துக்கு ஒரு செங்கல் கொடுத்தவர்தான்.

அதற்காக மலைக்கே போகாதே என்று சொல்ல முடியாது. சோளக்கதிர் சுடும் பெண்ணிலிருந்து ஜீப் ஓட்டும் இளைஞன் வரை மலை ஊர்களில் பலருக்கு இந்தப் பருவம்தான் சோறு போடுகிறது. எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

ஞாயிறு விடியலுக்குப் பதில் வார நாளில் போகலாம். ஒரே நாளில் ஐந்து இடம் பார்க்காமல் ஒரே ஊரில் இரண்டு இரவு தங்கலாம். பெங்களூர் - சிக்கபள்ளாப்பூர் ரயில் பாதையில் நந்தி ஹால்ட் என்ற பழைய அழகான நிலையம் இருக்கிறது. குழந்தைகளுக்கு அதுவே பாதி பயணம். நந்தியில் கூட்டம் கலைந்த பிறகு மரங்களுக்கு அடியில் நின்றால், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரிய நீலகிரி காட்டுப்புறாவைப் பார்க்கலாம். இத்தனை கிழக்கே தள்ளி ஒரு சிறு கூட்டம் இந்தக் குன்றில் வாழ்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் மேலே போகாமல் இருந்தால் குரங்குகளுக்கும் நல்லது.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ பார்பிக்யூ தணலையோ அறைக்குள் வைத்து, ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத சம்பவங்கள் மலை ஊர்களில் நடந்திருக்கின்றன. தணல் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்வதே மேல்.

காலை ஒன்பது மணிக்கு நந்தியில் வெயில் சுள்ளென்று ஏறுகிறது. மேகக் கடல் வற்றிவிட்டது. கீழே திராட்சைத் தோட்டங்களும், பாதி தின்னப்பட்ட குவாரிக் குன்றுகளும், விமான நிலையத்தை நோக்கி வளரும் கட்டடங்களும் துலக்கமாகத் தெரிகின்றன. வண்டிகள் இறங்க ஆரம்பிக்கின்றன. ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுப் பின் சீட்டில் குவிகின்றன. தேவனஹள்ளி தாண்டுவதற்குள் யாரோ ஏ.சி.யைப் போடச் சொல்கிறார்கள்.

சாலையோரத்தில் மூட்டை மூட்டையாக மொச்சைக்காய். கார் நிற்கிறது. பாட்டி இறங்கி, ஒரு காயை உரித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறாள். மூன்று கிலோ வாங்குகிறாள். அன்று ராத்திரி கூடத்தில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது.